வண்டிக்கு அடியில் ஒரு கிண்ணம்

சம்பந்தியின் வண்டி மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது எசென் கோபப்படவில்லை. கோபப்பட அவருக்கு உரிமையும் இல்லை. நாரின் என்கிற மலையூர்ச் சந்தைக்குப் பின்னால், ஆற்றங்கரையில், ஒரு பழைய சரக்குப் பெட்டியைப் பட்டறையாக்கி இருபத்தாறு வருடமாக இன்ஜின் பிரித்துக் கோர்க்கிற மனிதர் அவர். வேறு யார் வண்டியாக இருந்தாலும், "வயசான இன்ஜின், கொஞ்சம் சொட்டத்தான் செய்யும், ஆயில் ஊத்திக்கிட்டே ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு வண்டிக்கு அப்படிச் சொல்லிவிட முடியுமா?

சம்பந்தி ஷமிர்கான் வண்டியை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டுதான் இறங்கினார். குதிரைமேல் இருந்தபடி ஆட்டுக் கிடாயைப் பறிக்கிற ஆட்டத்துக்கு முப்பது வருடம் நடுவராக விசில் ஊதியவர். விசிலை விட்ட பிறகும் குரல் மட்டும் மைதானத்திலேயே தங்கிவிட்டது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலும் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும்.

"உங்க கையில ஒரு குறையும் இல்ல சம்பந்தி! இந்த வண்டிக்குத்தான் மூத்திரக் கோளாறு!" என்று கத்திவிட்டு, ஒரு பெரிய ஜாடி நிறையப் புளித்த பாலேட்டை எசென் கையில் திணித்தார். "என் வீட்டுக்காரி ஜூராதான் கொஞ்சம் புலம்புறா. முற்றத்துக்கு இந்த வருஷம்தான் சிமென்ட் போட்டோமா, அதுல கறை விழுதுன்னு வண்டிக்கு அடியில ஒரு தகரக் கிண்ணம் வச்சிருக்கா. காலையில உங்க பொண்ணுதான் அதை எடுத்துக் கொட்டுது."

அவர் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எசென் ஜாடியைப் பிடித்தபடி நின்றார். பாலேட்டை எங்கே வைப்பது என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

கிண்ணத்தின் கதை அவருக்கு முன்பே தெரியும். சம்பந்தியின் ஊரான அத்-பாஷியிலிருந்து ரொட்டி கொண்டுவந்து சந்தையில் விற்கிற பெண் ஒருத்தி அவர் மனைவி பாத்மாவிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். சம்பந்தியம்மா ஜூரா ஒவ்வொரு காலையிலும் சொல்கிறாளாம்: "அப்பன் செஞ்ச வேலை சொட்டுது, மக அள்ளிக் கொட்டட்டும்." விருந்தாளிகள் இருந்தால் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்கிறாளாம். மருமகன் மலைமேல் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன், பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவான். அவன் காதுக்கு இதெல்லாம் போகாது. போனாலும் அம்மாவிடம் அவன் என்ன பேசிவிடப் போகிறான்?

மகள் ஜிபாருக்குப் போன் போட்டால், "எல்லாம் நல்லாயிருக்குப்பா" என்பாள். கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கல்யாணத்தன்று மகளை வண்டியில் ஏற்றும்போது எசென் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்: "அந்த வீட்டுல நடக்கிறதை இந்த வீட்டுக்குக் கொண்டு வராதே. இனிமே அதுதான் உன் வீடு." அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கிண்ணம் வந்த பிறகு அந்தப் பெருமையே முள்ளாகிவிட்டது. வண்டியிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொட்டும் தன் மகள் தலையில்தான் விழுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஒழுகல் என்னவோ அற்ப ஒழுகல்தான். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தகரத் தொட்டி இருக்கிறதே, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கார்க் பேக்கிங் போட்டு, சுற்றிவர போல்ட் முறுக்கியிருப்பார்கள். அந்த விளிம்பிலிருந்துதான் கசிந்தது. முதல் தடவை, அக்டோபரில், பேக்கிங் காய்ந்து சருகாகிப் போயிருந்தது. புதிது போட்டார். அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் படுத்துப் பார்த்தார். சுத்தம். ஊருக்குள் இரண்டு சுற்று ஓட்டியும் பார்த்தார். சுத்தம். பத்து நாளில் வண்டி திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை தொட்டியைக் கழற்றிப் பட்டறைக் கல்லில் கவிழ்த்து, விளிம்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். போல்ட் துளைகள் இருந்த இடங்களில் தகரம் உள்வாங்கியிருந்தது. முன்னொரு காலத்தில் எவனோ முரட்டுத்தனமாக முறுக்கியிருக்கிறான். அந்த முகம் தெரியாதவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டி நேராக்கினார். ரப்பர் பேக்கிங் போட்டார். போல்ட்டுகளை எதிரும் புதிருமாக, இரண்டு விரல் பலத்தில் முறுக்கினார். ஓட்டிப் பார்த்தார். சுத்தம். வண்டி போனது, வந்தது.

இப்போது மூன்றாவது. விளிம்பைப் பெட்ரோல் விட்டுத் துடைத்து, பசை தடவி, பகல் முழுக்க அடுப்புக்கு அருகில் காயவிட்டார். தொழில் தெரிந்தவன் செய்கிற எல்லாவற்றையும் செய்தார். தெரியாதவன் வேண்டிக்கொள்கிற மாதிரி கொஞ்சம் வேண்டிக்கொள்ளவும் செய்தார். ஓட்டிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு முறையும் பானெட்டைத் திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை வேறு. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இன்ஜின் மேலே விரித்திருக்கும் கம்பளத்தை எடுத்து, நாலாக மடித்து, பின்சீட்டில் வைப்பார். அது ஜிபார் செய்தது. இந்தக் குளிரில் இன்ஜினுக்குக் கம்பளம் போர்த்தாதவர்கள் கிடையாது. பெரும்பாலோர் கிழிந்த கோட்டையோ பழைய ரஜாயையோ திணித்து வைப்பார்கள். ஜிபார் புகுந்த வீட்டில் முதல் கைவேலையாக மாமனாரின் வண்டிக்கு ஆட்டுரோமம் மிதித்துக் கம்பளம் செய்தாள். சாம்பல் நிறத்தின் மேலே சிவப்பில் செம்மறிக் கடாவின் இரட்டைக் கொம்பு, ஓரமெல்லாம் சிவப்பு நூல் தையல். ஒரு மூலையில் அரைவட்டமாக வெட்டி, அந்த வெட்டுக்கும் நூல் கட்டியிருந்தாள். ஆயில் ஊற்றுகிற மூடிக்காக இருக்கும் என்று எசென் நினைத்துக்கொண்டார். மகள் கைவேலையில் எண்ணெய்க் கறை படக்கூடாது என்பதைத் தவிர அந்தக் கம்பளத்தைப் பற்றி அவர் வேறெதுவும் யோசிக்கவில்லை. சோதனை ஓட்டமெல்லாம் முடிந்து, சம்பந்தி வந்து வண்டியை எடுக்கும்போது அவரே விரித்துக்கொள்வார்.

"இதை மட்டும் நான்தான் போடுவேன்" என்பார் ஷமிர்கான். "உங்களுக்குத் திசை தெரியாது." பக்கத்துப் பட்டறைக்காரர்களையும் கைதட்டிக் கூப்பிடுவார். "பாருங்கய்யா, என் மருமக வேலை! கொம்பு எப்படி நிக்குது பாருங்க! அஞ்சு மாசமாச்சு வீட்டுக்கு வந்து, என் முன்னால இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அப்படி ஒரு பொண்ணு!"

இன்னொரு சின்ன விஷயம். வண்டி பட்டறைக்கு வரும்போதெல்லாம் ஆயில் அளவு பார்க்கிற கம்பி இரண்டு விரல் உயரம் மேலே எழும்பி நிற்கும். 'பார்த்துட்டு ஒழுங்கா அழுத்தக்கூடத் தெரியல இந்த மனுஷனுக்கு' என்று எசென் மனதுக்குள் சொல்லிக்கொண்டு அதை அழுத்திவிடுவார். மூன்று தடவையும் அழுத்தினார். சம்பந்தியைப் பற்றி வெளியே சொல்ல முடியாததை எல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொள்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

மூன்றாவது முறை பழுதுபார்த்து எட்டாம் நாள் ஷமிர்கான் போன் செய்தார். குளிர்காலக் கறிக்குக் குதிரை வெட்டியிருக்கிறார்களாம், சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தே ஆக வேண்டுமாம், தானே வந்து அழைத்துப் போகிறாராம். வண்டி எப்படி இருக்கிறது என்று எசென் கேட்டார்.

"ஓடுது" என்றார் ஷமிர்கான். அவர் வாழ்நாளில் அவ்வளவு சின்னக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

காலை பத்து மணிக்கு வந்தார். கிளம்புவதற்கு முன் எசென் பானெட்டைத் திறக்கச் சொன்னார். கம்பளத்தை எடுத்தார். கம்பியை உருவித் துடைத்து அளவு பார்த்தார். கால் லிட்டர் குறைந்திருந்தது, ஊற்றினார். கம்பியை அடிவரை, விரல் வலிக்கிற மாதிரி அழுத்தினார். ஷமிர்கான் கம்பளத்தை வாங்கி, வண்டிக்கு முன்னால் நின்று, கொம்பு தன்னைப் பார்த்து நிற்கும்படி விரித்து, இரண்டு தட்டு தட்டிவிட்டு பானெட்டைச் சாத்தினார். பாத்மா பின்சீட்டில் பரிசுத் துணிகளோடு ஏறிக்கொண்டாள்.

கணவாய் ஏறி இறங்கி அத்-பாஷிக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் ஷமிர்கான் வெட்டிய குதிரையின் கொழுப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எசென் காது இன்ஜினிலேயே இருந்தது. சத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை.

முற்றத்தில் வண்டி நின்றது. ஜூரா வாசலில் நின்று வரவேற்றாள், பாத்மாவைக் கட்டிப் பிடித்து முத்தமிட்டாள், நலம் கேட்டாள். பின்னால் ஜிபார் வந்தாள். தலையில் மருமகள்கள் கட்டுகிற வெள்ளைத் துணி, முகம் கொஞ்சம் இளைத்திருந்தது. மார்பில் கை வைத்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாமனாருக்கும் மூன்று முறை குனிந்து வணங்கினாள். வணங்கி முடித்ததும், யாரும் சொல்லாமலே, சுவரோரம் இருந்த தகரக் கிண்ணத்தை எடுத்து வந்து, மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் தள்ளினாள். எங்கே சொட்டும் என்று அவளுக்கு அளவு தெரிந்திருந்தது. டொக் என்று முதல் சொட்டு விழுந்தது.

"வாங்க, உள்ள வாங்க" என்றாள் ஜூரா. "கிண்ணம் ரொம்புறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடலாம்."

பெற்றவன் கண்முன்னே மகள் மண்டியிட்ட அந்தக் காட்சியை எசெனால் தாங்க முடியவில்லை. பாத்மா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவர் பானெட்டுக்குப் போனார்.

"விருந்துக்கு வந்தவர் ஸ்பேனர் எடுக்கக்கூடாது சம்பந்தி!" என்று வாசலிலிருந்து ஷமிர்கான் கத்தினார்.

"எடுக்கல, எடுக்கல. பார்க்கிறேன்."

பார்த்தார். கம்பி இரண்டு விரல் உயரம் எழும்பி நின்றது.

இன்று காலையில் அதை அழுத்தியது ஷமிர்கான் இல்லை, தானேதான். வழியில் யாரும் பானெட்டைத் திறக்கவில்லை. அப்படியானால் அதை உள்ளேயிருந்து ஏதோ தள்ளியிருக்கிறது. இன்ஜினுக்குள் காற்று போக வழியில்லாமல் முட்டுகிறது. கம்பியையே தூக்குகிற அழுத்தம் பேக்கிங்கை மட்டும் விட்டுவைக்குமா? எசென் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. முதல் வருடம் தொழில் பழகுகிறவன்கூடப் பார்க்க வேண்டிய இடம் இது.

அந்தக் காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. இன்ஜின் தலையிலிருந்து வளைந்து காற்று வடிகட்டிக்குப் போகும். எசென் வழக்கம்போலக் கம்பளத்தை எடுக்கக் கை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். எடுக்காமல், ஓரத்தை மட்டும் தூக்கி அடியில் கையை விட்டார். கனமான ரோமக் கம்பளத்துக்கு அடியில் அந்தக் குழாய் வளைவில் மடிந்து, பட்டையாக ஒட்டிக் கிடந்தது. பானெட்டைச் சாத்தினால் கம்பளம் இன்னும் அழுத்தும். கம்பளத்தை எடுத்தால் குழாய் நிமிர்ந்துவிடும். அதனால்தான் பட்டறையில் எப்போதும் சுத்தம். மகளின் வேலையில் கறை படக்கூடாதென்று மடித்து வைத்தே மூன்று மாதத்தை வீணாக்கியிருக்கிறார்.

கம்பளம் வந்தது அக்டோபரில். ஒழுகல் தொடங்கியதும் அக்டோபரில். குளிரில் பேக்கிங் இறுகியது என்று அவர் குளிர்மேல் பழி போட்டிருந்தார்.

அடுத்த விநாடி அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜூரா காதில் இது எப்படி விழும்? 'மருமக செஞ்ச கம்பளம் வண்டியைக் கெடுத்துடுச்சு.' அவ்வளவுதான் விழும். கிண்ணம் போய் இன்னொன்று வரும், அதை ஆயுசுக்கும் எடுத்துக் கொட்ட முடியாது. பேசாமல் ஓரத்தை வெட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. எங்கே வெட்டலாம் என்று கம்பளத்தை முழுக்க விரித்துப் பார்த்தார். அப்போதுதான் மூலையில் இருந்த அந்த அரைவட்டத்தை ஒழுங்காகக் கவனித்தார்.

அது ஆயில் மூடிக்குப் பக்கத்தில்கூட இல்லை, எதற்கும் உதவாத இடத்தில் இருந்தது. எசென் கம்பளத்தை அப்படியே அரைச் சுற்றுத் திருப்பினார், முன்பக்கம் பின்பக்கமாக. அரைவட்டம் குழாயின் வளைவில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு நூல் இப்படி இல்லை, ஒரு நூல் அப்படி இல்லை. கொம்புகள் இப்போது வெளியே நிற்பவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்கிறவரைப் பார்த்தன.

பாத்மா வீட்டில் கம்பளம் விரிப்பதும் இப்படித்தான். கொம்பு வாசலைப் பார்க்காது, மேலிடத்தில் அமர்ந்திருக்கும் பெரியவரைத்தான் பார்க்கும். ஜிபார் அம்மாவிடம் கற்றது அது. மாமனாருக்குச் செய்ததை மாமனாரைப் பார்த்துச் செய்திருக்கிறாள். மாமனார் அதை ஊரைப் பார்த்துத் திருப்பிவிட்டார். எசென் பானெட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அவித்த மாவுப் பட்டைகளோடு கறி வந்தது. சம்பந்திக்குரிய இடுப்பெலும்பை எசென் முன்னால் வைத்தார்கள். ஜூரா மூக்கைச் சுருக்கினாள். "ஆயில் வாசம் வருதோ? இல்ல, எனக்குத்தான் இப்பல்லாம் எங்க போனாலும் அந்த வாசமே வருதோ!"

எசென் எலும்பைத் தொடவில்லை. "சம்பந்தி, ஒண்ணு கேக்கணும். இந்த வீட்டுல மேலிடத்துல யார் உக்காருவாங்க?"

"இதென்ன கேள்வி? நான்தான்!"

"வண்டியில?"

"அதுலயும் நான்தான். வேற எவன் உக்காருவான்?"

"அப்புறம் ஏன் கொம்பு சந்தைக்காரனைப் பார்த்து நிக்குது?"

ஷமிர்கானின் வாயில் கறி இருந்தது. மெல்வதை நிறுத்தினார்.

"உங்க மருமக அதை உங்களைப் பார்க்கிற மாதிரிதான் செஞ்சிருக்கு. நீங்க உக்கார்ற இடத்தைப் பார்த்துப் போட்டா, ஓரத்துல வெட்டியிருக்கே, அது இன்ஜினோட காத்துக்குழாய்மேல போய் உக்காருது. அளந்து வெட்டியிருக்கு. மாத்திப் போட்டா குழாய் நசுங்குது. காத்து போக வழியில்லாம ஆயிலைத் தள்ளுது. மூணு தடவையும் அதை மடிச்சு வச்சவன் நான்தான். ஒரு தடவை விரிச்சுப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இத்தனை நாளு சொட்டினது என் கண்ணு சரியில்லாததால சொட்டினது. தப்பு என்னோடது."

ஷமிர்கான் கறியை விழுங்கினார். முகம் சிவந்தது, பிறகு மலர்ந்தது. "என்னையா பார்க்குது?" என்று எழுந்தார். "என்னைப் பார்க்கவா செஞ்சா?" எல்லோரையும் சாப்பாட்டிலிருந்து எழுப்பி முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பானெட்டைத் திறந்து பார்த்தார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தார், பானெட் மறைத்தது, இறங்கி வந்து மறுபடி பார்த்தார். வண்டியைத் தெருமுனை தாண்டி ஆற்றுப்பாலம் வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். எசென் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கம்பி எழும்பவில்லை. ஜூரா பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கிண்ணத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல இந்தப் பொண்ணு" என்று எழுந்தாள்.

"மருமக வாயே திறக்கமாட்டான்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டது யாரு?" என்றார் ஷமிர்கான்.

"நீங்கதான்!"

"நீயும்தான்!"

பாத்மா சிரித்துவிட்டாள். எல்லோரும் ஆறிப்போன கறிக்குத் திரும்பினார்கள். அன்று ஷமிர்கான் எசெனுக்கு இரண்டு பங்கு கொழுப்பு வெட்டிக் கொடுத்தார்.

சாப்பாடு முடிந்ததும் ஜிபார் கூஜாவும் தட்டுமாக வந்தாள். வீட்டின் இளைய மருமகள்தான் கைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மற்றவர்கள் கழுவி முடித்து, கம்பளத்தின் பேச்சிலேயே மும்முரமாக இருந்தார்கள். கடைசியில் எசென் வாசல் நடைக்கு வந்து கையை நீட்டினார். அவள் ஊற்றினாள். வெதுவெதுப்பான தண்ணீர்.

"எப்பம்மா பார்த்தே?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"முதல் நாளே. மாமா திருப்பிப் போட்டப்பவே."

"அவங்ககிட்ட சொல்ல முடியாது, சரி. எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? போன்ல ஒரே ஒரு வார்த்தை. மூணு தடவை கழற்றினேனேம்மா. மூணு மாசமா நீ கிண்ணம் கொட்டியிருக்கே."

ஜிபார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வீட்டுல நடக்கிறதை இந்த வீட்டுக்குக் கொண்டு வராதேன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க." அவள் குரலில் குறையோ கோபமோ இல்லை. சொன்னதைச் செய்தவள் சொல்கிற மாதிரி சொன்னாள்.

எசென் கை கழுவி முடித்திருந்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. அவளும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"வேற ஏதாவது இருக்காம்மா?" என்றார். "சொல்லு. நான் அன்னிக்குச் சொன்னதை விடு. இப்ப கேக்கிறேன், சொல்லு."

ஜிபார் கூஜாவைச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

"தண்ணி தீர்ந்துடுச்சுப்பா" என்றாள்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். உள்ளேயிருந்து ஜூரா கூப்பிட்டாள். "வந்துட்டேன் அத்தை" என்று ஜிபார் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். எசென் துண்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். கையில் ஈரம் குளிர்ந்துகொண்டிருந்தது, துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.